மூன்று நாள் தூசி: மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு ரிப்பேர்

அக்கா போன் பண்ணியது ஒரு புதன்கிழமை மதியம். "தம்பி, வீடு முழுக்க வெள்ளைத் தூசியா இருக்கு, கழுவிக் கவுத்த பாத்திரத்துலகூட படிஞ்சிருக்கு, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்" என்றார். பெரியம்மா மகள். நான் சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு இருபது வருஷமாகக் கடலூரிலும் பாண்டியிலும் வீட்டு ரிப்பேர் வேலைகளைப் பார்த்துவருகிறேன். இந்த வேலை என் கையில் இல்லை. அந்தச் சமயம் நான் அரியாங்குப்பத்தில் வேறொரு சைட்டில் மாட்டிக்கொண்டிருந்ததால் மாமாவே ஒரு மேஸ்திரியைப் பிடித்து, பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்துவிட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பின்கட்டில் கட்டிங் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் நன்றாக இருக்கும் பகுதியை மட்டும் அறுத்தெடுத்து பாத்ரூம் மேலே போட்டுவிடலாம் என்று மேஸ்திரி காய்ந்த ஷீட்டைத் தரையில் போட்டு அறுத்துக்கொண்டிருந்தார். கூரையில் ஷீட் இல்லாத இடம் வழியாக வெயில் சாய்வாக உள்ளே விழுந்தது, அந்த ஒளிக்குள் தூசி கீழே இறங்காமல் அப்படியே மிதந்துகொண்டிருந்ததைப் பார்த்ததும் எனக்கு அடிவயிறு பிசைந்தது. சித்தாள் அம்மா முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு தென்னந்துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டிருந்தார், அவர் தலைமுடி முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. அக்காவின் பேரன், இரண்டரை வயது, நிலைப்படியில் உட்கார்ந்து மிஷினை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

மிஷினை நிறுத்தச் சொன்னேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்கட்டுக்குப் போனேன்.

அங்கே நடந்தது எதுவுமே அபூர்வமான தப்பு இல்லை, அதனால்தான் இதை முழுக்க எழுதிவைக்கிறேன். கடலூர் மாவட்டத்தில் புயலுக்குப் பிறகு ஷீட் மாற்றும் வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் வேலை நடப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன், நானும் செய்ய வைத்திருக்கிறேன். எங்கே என்பதைக் கீழே சொல்கிறேன்.

வீட்டைப் பற்றி

மாமாவின் அப்பா கட்டிய வீடு. முன்பக்கம் மெத்தை வீடு, பின்பக்கம் சாய்வாக ஷீட் போட்ட சாய்ப்பு. சாய்ப்பில் சமையல்கட்டு, பாத்திரம் கழுவும் இடம், பாத்ரூம் மூன்றும் இருக்கின்றன. எண்பதுகளில் சாய்ப்புக்கு 22 ஷீட் போட்டார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபோது அதில் ஒன்பது பறந்து போய் நொறுங்கியது, புதிதாக ஒன்பது போட்டோம். பதின்மூன்று வருஷம் கழித்து, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியபோது பக்கத்து மனையின் தென்னை மரம் சாய்ப்பின் மூலையில் விழுந்து நான்கு ஷீட்டைப் பொளந்துவிட்டது. மழைநீர் போகும் குழாயும் அடைத்துக்கொண்டது. சரி, ஷீட்டை மாற்றுவோம், முற்றத்தைக் கொஞ்சம் தோண்டிக் குழாயை மாற்றுவோம், அப்படியே ஜன்னலுக்கெல்லாம் பெயிண்ட் அடித்துவிடுவோம் என்பது மாமாவின் திட்டம். மூன்றும் சின்ன வேலைதான், மூன்றிலும் பிரச்சனை இருந்தது.

ஷீட்டுக்குள் என்ன இருக்கிறது

ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார். பேரே சொல்கிறது, அது கல், ஆனால் நார் நாராகப் பிரியும். சிமெண்டோடு சுமார் பத்தில் ஒரு பங்கு கல்நார் கலந்து அழுத்தினால் இந்த ஷீட். கம்பி கான்கிரீட்டுக்குச் செய்யும் வேலையை இங்கே நார் செய்கிறது. அன்றைக்கு உடைந்த ஷீட்டின் ஓரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மேஸ்திரிக்குக் காட்டினேன்: உடைந்த விளிம்பில் பூனை முடி மாதிரி வெள்ளையாக, மெல்லிசாக, ஒன்றிரண்டு இடத்தில் கொத்தாக நீட்டிக்கொண்டிருந்தது. "இதுவா? இது பஞ்சு மாதிரி இருக்குமே, அரிக்கும், அவ்வளவுதான்" என்றார். கண்ணுக்குத் தெரிகிற நார் பெரிது, அது விழுந்துவிடும். அது நீளவாக்கில் பிரிந்துகொண்டே போகும், தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்றால் இதில் ஒரு மைக்ரானைவிட மெல்லிய இழைகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்த இழைதான் மூச்சோடு நுரையீரலின் கடைசி வரைக்கும் போகிறது. உடம்பால் அதைக் கரைக்க முடியாது, வெளியே தள்ளவும் பெரும்பாலும் முடியாது.

அதனால் வரும் நோய்கள் தெரிந்தவைதான். நுரையீரல் இறுகி மூச்சு வாங்குவது ஒன்று, நுரையீரல் புற்றுநோய் ஒன்று, நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் ஒன்று. மூச்சில் போன அடுத்த மாசமோ அடுத்த வருஷமோ எதுவும் தெரியாது, இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்து வரும். 1995ல் உச்ச நீதிமன்றம் கல்நார் தொழிலாளர்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருஷம், அல்லது ஓய்வு பெற்றதிலிருந்து 15 வருஷம், இரண்டில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. அந்த நாற்பது வருஷக் கணக்கு இந்த நோய் வரும் வேகத்தைப் பார்த்துப் போட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு எல்லா வகைக் கல்நாரையும் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் 2005க்குள் முழுக்கத் தடை செய்துவிட்டன, கனடா 2018ல் செய்தது. நம் ஊரில் சுரங்கம் தோண்டப் புது அனுமதி கிடையாது, ஆனால் நாரை இறக்குமதி செய்து ஷீட் தயாரிப்பது இன்றும் சட்டப்படி நடக்கிறது.

இதைச் சொன்னதும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "அப்போ இத்தனை வருஷமா இதுக்கடியில சமைச்சனே?" என்பது. நியாயமான பயம். நல்லா இருக்கும் ஷீட், சிமெண்டுக்குள் நாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதற்கடியில் உட்கார்ந்து சாப்பிடுவதால் மூச்சில் போவது மிகக் குறைவு. அறுக்கும்போதும், துளை போடும்போதும், உடைக்கும்போதும், காய்ந்த துடைப்பத்தால் தேய்க்கும்போதும்தான் அது கட்டவிழ்ந்து காற்றில் ஏறுகிறது. ஷீட்டிலிருந்து வடிந்த மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்துத் துணி துவைத்ததைப் பற்றியும் கேட்டார். கல்நாரில் பயப்பட வேண்டியது மூச்சு வழியாகப் போவதைத்தான். குடிப்பதால் கெடுதல் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்றுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது.

அதே மாதிரி, மூன்று நாள் தூசி பட்டதால் குடும்பத்துக்கே நோய் வந்துவிடும் என்றும் இல்லை. எவ்வளவு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்து அபாயம் கூடுகிறது. இந்த இடத்தில்தான் எனக்கு மனசு அக்கா வீட்டைத் தாண்டிப் போனது. அக்காவுக்கு இது வாழ்க்கையில் மூன்று நாள். மேஸ்திரிக்கும் சித்தாளுக்கும் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் வீடு வீடாக இதே வேலை. மேஸ்திரி பீடி பிடிப்பவர் வேறு. புகைப்பழக்கமும் கல்நாரும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் இரண்டையும் கூட்டினால் வருவதைவிடப் பல மடங்காகும். சித்தாள் அம்மா சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் புடவையை உதறிவிட்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளை மடியில் போட்டுத் தலை பின்னுவாராம், அவரே சொன்னார். கல்நார் ஆலைத் தொழிலாளிகளின் துணியைத் துவைத்த மனைவிமாருக்கு மீசோதீலியோமா வந்தது வெளிநாடுகளில் ஆவணமான விஷயம். தூசி வேலை நடக்கும் இடத்தோடு நிற்பதில்லை, துணியில் ஏறி இன்னொரு வீட்டுக்குப் போகிறது.

எப்படித் தெரிந்துகொள்வது

பழைய சிமெண்ட் ஷீட் எல்லாமே கல்நார் ஷீட் என்று எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. இன்னொரு வழி, ஷீட்டின் அடிப்பக்கம் மழை படாத இடத்தில் ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் ஐ.எஸ்.ஐ. முத்திரை தெரியும். அதில் ஐ.எஸ். 459 என்று இருந்தால் அது கல்நார் சிமெண்ட் ஷீட்டுக்கான தர எண், வேறு சோதனையே தேவையில்லை. அக்கா வீட்டில் பழைய ஷீட்டில் எழுத்தே இல்லை, தானே புயலுக்குப் பிறகு நான் வாங்கிக் கொடுத்த ஒன்பதிலும் 459 பளிச்சென்று இருந்தது. இப்போது கல்நார் கலக்காத ஷீட்டும் கடையில் கிடைக்கிறது, பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், பில்லிலும் முத்திரையிலும் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இறக்கிய விதம்

வேலையை இரண்டு நாள் நிறுத்தினோம். அக்காவும் பேரனும் வண்ணாரப்பாளையத்தில் சம்பந்தி வீட்டுக்குப் போனார்கள். மேஸ்திரிக்குக் கோபம்தான், கூலி போகிறதே என்று. அந்த இரண்டு நாள் கூலியை மாமா கொடுத்துவிட்டார், அதற்கப்புறம் நான் சொன்னதையெல்லாம் மேஸ்திரி காது கொடுத்துக் கேட்டார். இது முக்கியமான விஷயம் என்று நினைக்கிறேன், கூலியை வெட்டிவிட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

மிச்சமிருந்த 18 ஷீட்டையும் எடுத்துவிடுவது என்று முடிவானது. நல்ல நிலையில் இருக்கும் ஷீட்டை விட்டுவைப்பதுதான் பொதுவாக நான் சொல்வது, ஆனால் இங்கே பழையதில் பாதி வெடித்திருந்தது, கையால் தடவினாலே மாவு மாதிரி வந்தது.

மாஸ்க்தான் முதலில் வாங்கினோம். துண்டு, முந்தானை, நீலக்கலர் சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் இந்த இழையை நிறுத்தாது. கொரோனாவில் வாங்கி வைத்திருந்த என்95 இருக்கிறதே என்றார் மாமா, கல்நார் வேலைக்கு அதுவும் போதாது. ஐ.எஸ். 9473 முத்திரை போட்ட எஃப்எஃப்பி3 வகை, அல்லது அதற்குச் சமமான வடிகட்டி மாட்டும் ரப்பர் மாஸ்க் வேண்டும். நான்கு பேருக்கு வாங்கினோம். தாடி இருந்தால் ஓரம் ஒட்டாது, காற்று பக்கவாட்டில் புகுந்துவிடும் என்றதும் மேஸ்திரி மறுநாள் மழுங்கச் சிரைத்துக்கொண்டு வந்து நின்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

வேலையைக் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தோம். எங்கள் ஊரில் பதினோரு மணி தாண்டினால் கடல்காற்று எழும்பிவிடும், அதற்குள் முடித்தாக வேண்டும். சமையல்கட்டிலிருந்து உள்ளே போகும் வாசலை பாலித்தீன் விரிப்பால் மூடி நாலு பக்கமும் டேப் ஒட்டினோம். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் முதல் நாளே சொல்லி ஜன்னலைச் சாத்தி, மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை எடுக்கச் சொல்லியிருந்தோம். தோளில் மாட்டும் மருந்தடிக்கிற தெளிப்பான் ஒன்றைப் புதிதாக வாங்கி (பூச்சிமருந்து அடித்த பழையதை இதற்கு எடுக்கக் கூடாது) தண்ணீரில் ஒரு மூடி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மேலும் கீழும் நனைத்தோம். சோப்பு சேர்ந்தால் தண்ணீர் உருண்டு ஓடாமல் ஷீட்டில் ஊறும். ஹோஸ் பைப்பை வைத்துப் பீய்ச்சி அடித்தால் தூசிதான் தெறிக்கும், பனி மாதிரி இறங்க வேண்டும்.

ஷீட் மேல் யாரையும் கால் வைக்க விடவில்லை. கல்நார் நோய் நாற்பது வருஷம் கழித்து வரும், பழைய ஷீட் ஒடிந்து கீழே விழுந்தால் அந்த நிமிஷமே உயிர் போகும். ஷீட் ஒடிந்து விழுந்தவர்களை இந்தத் தொழிலில் எல்லோருக்குமே தெரிந்திருக்கும். சாரம் கட்டி, உள்பக்கமிருந்து ஏறித்தான் வேலை. ஷீட்டைப் பிடித்திருக்கும் வளைந்த ஜே போல்ட் எல்லாம் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகியிருந்தது, வழக்கமாக இங்கேதான் கட்டிங் மிஷினை எடுப்பார்கள் அல்லது ஷீட்டைச் சுத்தியலால் தட்டி உடைத்து எடுப்பார்கள். போல்ட் கட்டர் வாடகைக்கு எடுத்து ஒவ்வொன்றாகக் கத்தரித்தோம். அறுபத்து சொச்சம் போல்ட். பத்தடி ஷீட் ஒன்று கிட்டத்தட்ட நாற்பது கிலோ இருக்கும், அதனால் கயிறு போட்டு இரண்டு பேர் மேலே, இரண்டு பேர் கீழே, உடையாமல் முழுசாக இறக்கினோம். இரண்டு காலையில் பதினேழு ஷீட் முழுசாக வந்தது, ஒன்று மட்டும் இறக்கும்போது இரண்டாக ஒடிந்தது.

இறக்கியதைத் தடிமனான பாலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றி டேப் போட்டு, மேலே "ஆஸ்பெஸ்டாஸ், உடைக்காதே" என்று பெயிண்டில் எழுதினோம். துண்டுகள் நனைத்துக் கையுறையோடு பொறுக்கி இரட்டைப் பைக்குள் போனது. தரையைப் பெருக்கவே இல்லை, ஈரத்துணியால் துடைத்து, துடைத்த துணியையும் பையில் போட்டோம். வீட்டுக்குள்ளும் அதே மாதிரி, ஃபேன் இறக்கை, அலமாரி மேல்பக்கம், சாமி படம், எல்லாம் ஈரத்துணி. மாமா வாக்குவம் கிளீனரை எடுத்துக்கொண்டு வந்தார், வேண்டாம் என்றேன். சாதாரண வாக்குவம் இந்த இழையை உறிஞ்சி பின்பக்கம் வழியாகத் திரும்ப அறைக்குள் ஊதிவிடும்.

வேலை முடிந்ததும் நாலு பேரும் அங்கேயே குளித்து, வேறு துணி மாற்றித்தான் கிளம்பினோம். வேலைத்துணி பைக்குள். சித்தாள் அம்மாவுக்கு அக்கா தன்னுடைய நைட்டி ஒன்றையும், போகும்போது கட்டிக்கொள்ள ஒரு வாயில் புடவையையும் கொடுத்தனுப்பியிருந்தார். மூன்று நாளும் அவர் கட்டியிருந்த பழைய புடவையை மறுநாள் உதறாமல் ஒரு பையில் சுருட்டிக்கொண்டு வந்து கொடுத்தார்.

கூடுதல் செலவு, மாஸ்க், பாலித்தீன், டேப், தெளிப்பான், வாடகை, இரண்டு நாள் கூலி எல்லாம் சேர்த்து 9,000 ரூபாய்க்குள். புதுக்கூரைக்கு ஆன 68,000 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கலர் பூசிய மெட்டல் ஷீட் போட்டோம், சூடு தெரியும் என்பதால் உள்பக்கம் தடுப்பு கொடுத்தோம், அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

முற்றத்துக்கடியில்

குழாய்க்கு முற்றத்தைத் தோண்டியபோது இரண்டடி ஆழத்தில் கடப்பாரை எதிலோ பட்டுக் கரகரத்தது. மேஸ்திரி குனிந்து ஒரு துண்டை எடுத்தார். அலை அலையாக வளைந்த ஷீட் துண்டு.

பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தானே புயலில் நொறுங்கிய ஒன்பது ஷீட்டையும் எங்கே போடுவது என்று புயல் முடிந்ததும் மாமா கேட்டபோது, "ரப்பீஸுக்கு எதுக்கு மாமா காசு கொடுத்து மண் வாங்கணும், இதையே உடைச்சு முற்றத்துல கொட்டி நிரப்பிடுங்க" என்று சொன்னது நான்தான். சம்மட்டியால் அடித்து நொறுக்கி, மேலே மண்ணும் கான்கிரீட்டும் போட்டோம். அன்றைக்கு அடித்தவர் இந்த மேஸ்திரி இல்லை, வேறொருவர். அவர் இப்போது எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. நாங்கள் ஐந்தாறு வீட்டில் அப்படிச் செய்தோம்.

நொறுங்கிய ஷீட்டை அடிமண்ணாகப் போடுவது, தெருவில் பள்ளம் நிரப்புவது, தோட்டத்துப் பாத்தி ஓரம் நட்டு வைப்பது, மாட்டுக்கொட்டகைக்குத் தடுப்பாகச் சார்த்துவது, இதெல்லாம் கடலோரக் கிராமங்களில் இன்றும் சாதாரணம். மண்ணுக்கடியில் கிடக்கும் வரைக்கும் அது சும்மா கிடக்கும். பத்து வருஷம் கழித்து யாரோ ஒருவர் விவரம் தெரியாமல் தோண்டும்போதுதான் திரும்ப மேலே வருகிறது. நாங்கள் குழாய் போகும் ஒன்றரை அடி அகலத்துக்கு மட்டும் நனைத்து நனைத்துத் துண்டுகளைப் பொறுக்கிப் பையில் கட்டினோம். மிச்சத்தைக் கிளறவில்லை, மேலே நான்கு அங்குலம் கான்கிரீட் போட்டு மூடிவிட்டோம். முழுவதையும் தோண்டியெடுப்பது சரியா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன், எடுப்பதால் கிளம்பும் தூசி விட்டுவைப்பதைவிட மோசம் என்றுதான் தோன்றியது.

ஜன்னல்

பெயிண்டர் வந்தது மாசி மாசம். இந்தத் தடவை அக்கா முன்கூட்டியே கூப்பிட்டுவிட்டார். ஜன்னல் கதவு, கம்பி எல்லாம் பச்சை எனாமல், அதற்கடியில் மஞ்சள், அதற்கும் அடியில் இன்னொரு பச்சை, ஓரத்தில் செதில் செதிலாக உரிந்து நின்றது. உப்புத்தாளை மிஷினில் மாட்டித் தண்ணீர் தொடாமல் காய்ந்தபடியே தேய்த்துத் தள்ளிவிடலாம், உரியாத இடத்தில் தீ காட்டிச் சுரண்டலாம் என்பது பெயிண்டரின் யோசனை.

பழைய எனாமலில், குறிப்பாக மஞ்சள், பச்சை, ஆரஞ்சு, சிவப்பில், ஈயம் இருக்கும். பளீரென்ற மஞ்சளைத் தருவதே ஈயக் குரோமேட் என்ற நிறமிதான், அதில் நீலம் கலந்தால் பச்சை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற மத்திய அரசு விதி 2016ல் வந்து 2017 நவம்பரிலிருந்து அமலானது. அதற்கு முன் அடித்த எனாமலில் ஈயம் உண்டு என்றே எடுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். காய்ந்தபடியே தேய்த்தால் ஈயத்தூள், தீ காட்டினால் ஈயப்புகை. குழந்தையின் குடல், வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும், அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று ஒரு எல்லை கிடையாது.

அப்போதுதான் ஒன்று கவனித்தேன். ஹால் ஜன்னலின் கீழ்க்கட்டையில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், பெயிண்ட் செதில்கள் இருந்த ஓரம் மட்டும் வழவழப்பாக இருந்தது. கிட்டப்போய்ப் பார்த்தால் சின்னச் சின்னப் பல் தடம். பேரன் தெருவை வேடிக்கை பார்க்கும்போது அந்தக் கட்டையைக் கடித்துக்கொண்டுதான் நிற்பானாம். "பல்லு மொளைக்கிற ஊறல்னு விட்டுட்டோம்" என்றார் அக்கா. பையன் துருதுருவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தான், பார்த்து எதுவும் சொல்ல முடியாது, ஈயம் வெளியே காட்டாமல்தான் ஏறும்.

புதுச்சேரியில் குழந்தை மருத்துவரிடம் காட்டி, நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஈய அளவு பார்த்தோம். டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராம். 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல், சின்னக் குழந்தைக்கு மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சை 45க்கு மேல். ஆக மருந்து தேவைப்படவில்லை. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவாக இருந்தது, அது குறைந்தால் உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக இழுக்கும் என்று டாக்டர் இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார். பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை நிறையக் கொடுக்கச் சொன்னார்.

ஜன்னலை நனைத்துத்தான் சுரண்டினோம். தரையில் பாலித்தீன் விரித்து, தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பர் என்ற நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளால் கையாலேயே தேய்த்து, சுரண்டிய செதிலைத் தரையில் விழவிடாமல் தகட்டில் வாங்கினோம். உறுதியாக ஒட்டியிருந்த பெயிண்டைத் தொடவில்லை, அதன்மேலேயே பிரைமர் அடித்து மூடினோம். ஆனால் கதவும் சட்டமும் உரசும் விளிம்பை மட்டும் விடக்கூடாது, ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அங்கே தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். அதை மரம் தெரியும் வரை எடுத்து, இடைவெளி விட்டு மாட்டினோம். பையன் கடித்த கட்டையைக் கழற்றிவிட்டுப் புதுத் தேக்கு வைத்தோம். பெயிண்டரிடம் சாப்பிடும் முன் கைகழுவச் சொன்னேன், அவருக்கும் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர் எழுந்து போய் சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு வந்தார்.

மூன்று மாசம் கழித்துப் பார்த்தபோது பையனுக்கு ஈய அளவு 7. இறங்குகிறது, இன்னும் இறங்க வேண்டும்.

மிச்சம்

கட்டி வைத்த ஷீட் மூட்டைகள் வீட்டுப் பின்சந்தில் மேடை போட்டு அதன்மேல் இருக்கின்றன, மேலே தார்ப்பாய். பழைய ஷீட் வாங்குகிறவர்கள் இரண்டு பேர் வந்து, மாட்டுக்கொட்டகைக்கு ஆகும் என்று விலை கேட்டார்கள். மாமா கொடுக்கவில்லை. கல்நார் கழிவு 2016 அபாயக் கழிவு விதிகளின் பட்டியலில் இருக்கிறது, அதைக் குப்பை வண்டியில் ஏற்றுவதோ கெடிலம் ஆற்றங்கரையில் கொட்டுவதோ தப்பு. இப்படிப்பட்ட கழிவைப் புதைக்கும் மையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. ஒரு வீட்டுக்காக லாரி போகாது, அதனால் இதே மாதிரி ஷீட் இறக்கும் வீடுகள் நான்கைந்து சேர்ந்ததும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதி ஒன்றாக அனுப்ப ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். மஞ்சக்குப்பத்தில் இன்னும் இரண்டு வீடும், தேவனாம்பட்டினத்தில் ஒன்றும் ஒத்துக்கொண்டிருக்கின்றன.

தானே புயலுக்குப் பிறகு நான் ஷீட்டை உடைத்து ரப்பீஸாகக் கொட்டச் சொன்ன மற்ற வீடுகளில் மூன்றுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். ஒன்று கைமாறிவிட்டது, புது உரிமையாளருக்கு நான் யாரென்றே தெரியாது, ஆனாலும் உட்காரவைத்துக் கேட்டார்.

அக்கா வீட்டுப் பத்திரத்தோடு ஒரு தாள் சேர்த்து வைத்திருக்கிறேன். முற்றத்தின் வரைபடம், எந்த மூலையிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம், எத்தனை ஷீட், எந்த வருஷம், யார் சொல்லிப் போட்டது. கடைசி வரியில் என் பெயரும் கையெழுத்தும் இருக்கின்றன.